கடைக்கு 25 வயது: தள்ளுபடிக்குப் பதிலாகச் சோதனை முகாம் நடத்துவது எப்படி

இந்தக் கார்த்திகையோடு எங்கள் கடைக்கு 25 வயது நிறைகிறது. கோயம்புத்தூரில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கான சாமான்களை விற்கும் சின்னக் கடை. அப்பா, அம்மா, தம்பி, நான் என நாலு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். அப்பா அதற்கு முன்னால் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஏர் ரைஃபிளின் (காற்றழுத்தத்தால் சுடும் நீளத் துப்பாக்கி) தேய்ந்த பாகங்களைக் கடைந்து தரச் சொல்லி ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்புறம் பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) டின்களை வாங்கி வைத்தார், பிறகு ஜாக்கெட், ஷூ, கடைசியாகத்தான் துப்பாக்கி.

ஆண்டு விழா என்றதும் எல்லோரும் கேட்பது, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்றுதான். நாங்கள் தள்ளுபடி தருவதில்லை. அன்றைக்குக் கடையில் விற்பனையே கிடையாது. இதுவரை நாங்கள் விற்ற துப்பாக்கிகளை எல்லாம் திரும்ப வரவழைத்து, ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்புகிறோம். அந்த நாளை எப்படித் திட்டமிடுவது, எதையெல்லாம் சோதிப்பது என்று இங்கே எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், பள்ளியிலோ கிளப்பிலோ பத்துப் பதினைந்து துப்பாக்கிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் கோச்சுகளுக்கும் இது உதவும். துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களும் சோதனைப் பகுதியை மட்டும் படித்து வீட்டிலேயே பாதி வேலையைச் செய்துகொள்ளலாம்.

ஏன் தள்ளுபடி வேண்டாம் என்கிறேன்? இந்த விளையாட்டில் அவசரமாக வாங்கிய பொருள் பிள்ளையைப் பல வருடம் கஷ்டப்படுத்தும். வேறொரு ஊரில் ஆஃபர் போட்டார்கள் என்று ஒரு அப்பா தன் 11 வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்களுக்கான ரைஃபிளை வாங்கிவிட்டு எங்களிடம் வந்தார். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு விதியில் உள்ள உச்ச எடை 5.5 கிலோ. அந்த ரைஃபிள் அதற்குச் சற்றுத்தான் குறைவு. தோளில் பதியும் பட் பிளேட்டை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் அந்தக் குழந்தையின் தோளுக்குச் சேரவில்லை. முதுகை வளைத்துத்தான் அவளால் அதைத் தூக்க முடிந்தது. அந்த வயதுக்கு எடை குறைந்த, ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) நீளத்தை நன்றாகக் குறைக்கக்கூடிய மாடல்கள் இருக்கின்றன. விலைச் சீட்டைப் பார்த்து வாங்கும் கூட்டத்தில் நின்று யாரும் தோளை அளந்து பார்ப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மேட்ச் துப்பாக்கி, அதாவது போட்டித் துப்பாக்கி, இருபது வருடம்கூட உழைக்கும். அத்தனை வருடமும் அதில் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர் இருக்கிறது, அதைக் கையாள்வது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். விற்ற கடைக்கு அதில் பொறுப்பு இருக்கிறது என்று அப்பா உறுதியாக நம்புகிறார். நானும் அப்படித்தான்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

முதலில் விற்பனைப் பதிவேட்டை எடுங்கள். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. மேட்ச் ரைஃபிளின் ஆற்றல் அந்த வரம்பில் பாதிகூட வராது. உரிமம் இல்லையே என்று பதிவேட்டை அலட்சியமாக வைத்திருந்தால் இந்த முகாமை நடத்தவே முடியாது. எங்கள் நோட்டில் வாங்கியவரின் அடையாள அட்டை நகல், முகவரி, துப்பாக்கியின் சீரியல் நம்பர், சிலிண்டரில் குத்தியிருக்கும் மாதம், வருடம் எல்லாம் இருக்கும். அம்மாதான் அதை எழுதி வருகிறார். கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறோம், ஆனால் ஆளைத் தேடும்போது அம்மாவின் நோட்டுத்தான் சீக்கிரம் பதில் சொல்கிறது. ஓரத்தில் 'பெண் காலேஜ் சேர்ந்தாள், துப்பாக்கியை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்றெல்லாம் குறித்து வைத்திருப்பார்.

இந்தக் குறிப்புகள் மிகவும் முக்கியம். துப்பாக்கிகள் கை மாறிக்கொண்டே இருக்கும். சீனியர் விட்டதை ஜூனியர் வாங்குவார், அவரிடமிருந்து இன்னொருவர். ஆகவே வாட்ஸாப்பில் பொதுவாக ஒரு அழைப்பை அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "இப்போ அது யாருகிட்ட இருக்குங்க?" என்று கேளுங்கள். சிலிண்டரின் வயது பத்தை நெருங்கும் துப்பாக்கிகளின் சொந்தக்காரர்களை முதலில் கூப்பிடுங்கள்.

நேரம் பிரித்துக் கொடுப்பது அடுத்த வேலை. ஒரு துப்பாக்கியை ஒழுங்காகப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். மேசை எத்தனை, ஆள் எத்தனை என்று பார்த்து அதற்கேற்ற எண்ணிக்கையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த நாளுக்கோ அடுத்த வாரத்துக்கோ தள்ளுங்கள். 'எல்லோரும் வாங்க' என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் துப்பாக்கிப் பெட்டிகளை அடுக்கி வைப்பது ஆபத்து.

பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஒரே நாளில் இத்தனை பேர் நீளப் பெட்டிகளோடு தெருவில் இறங்கினால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும். நாங்கள் இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களிடமும் முன்னாலேயே சொல்லி, விழாவுக்கும் கூப்பிடுகிறோம். வருகிறவர்களிடம், துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித்தான் கொண்டுவர வேண்டும், வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சிலிண்டருக்குச் சூடு ஆகாது.

இடத்தைப் பிரிப்பது

எங்கள் கடையின் பின்பக்கம் பழைய பட்டறைக் கூடம். அதில் 10 மீட்டர் லேன் (சுடும் பாதை) ஒன்று இருக்கிறது. உங்களிடம் அப்படி இடம் இல்லையென்றால் பக்கத்து ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) ஒரு நாள் கேட்டு வாங்கி அங்கேயே நடத்துங்கள். தெருவோரத்தில் பந்தல் போட்டு நடத்தும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கூடத்துக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும், அதுவும் சுடுபவரின் முதுகுக்குப் பின்னால். பக்கவாட்டுக் கதவு இருந்தால் உள்ளிருந்து தாழ் போட்டு, மேலே ஒரு பலகையையும் மாட்டிவிடுங்கள். இலக்குக்குப் பின்னால் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும். சாய்வு இருந்தால் பெல்லட் கீழ்நோக்கி மடங்கிப் பெட்டிக்குள் விழும், நேர்த் தகட்டில் பட்டால் சில்லு திரும்பி வரும். கூடத்துக்குள் யார் வந்தாலும் கண்ணாடி போட வேண்டும், வேடிக்கை பார்க்க வந்த தாத்தாவாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டை முன் அறையில் மட்டும் வையுங்கள். 25ஆம் வருடம் என்பதால் இந்த முறை மைசூர்பாகும் வடையும் காபியும் உண்டு. பெல்லட் ஈயத்தால் ஆனது. டின்னைத் தொட்ட விரலில் மெல்லிய கறுப்பு ஒட்டியிருக்கும். அதோடு இனிப்பை எடுத்துச் சாப்பிட்டால் ஈயம் உடம்புக்குள் போகும், அது பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அதிகக் கெடுதல் செய்யும். கூடத்திலிருந்து வெளியே வரும் வழியிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, கை கழுவாமல் யாரும் முன் அறைக்குப் போக முடியாதபடி அம்மா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பெல்லட்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு லோடு செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பூஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜையைப் போலவே ஆண்டு விழாவன்றும் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். பெட்டிக்கு வையுங்கள், துப்பாக்கிக்கு வேண்டாம். சந்தனம் காய்ந்து பொடியாகி ட்ரிகருக்குள் இறங்கும், குறி பார்க்கும் பின்சைட்டின் துவாரத்தில் அடையும். கற்பூரத்தை வாசலில் காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் தீ வரக் கூடாது.

சோதிக்கும் வரிசை

பெட்டியை வந்தவர் கையால் திறக்க விடாதீர்கள். மேசையில் வைத்து, குழல் முனை தடுப்புச் சுவரைப் பார்க்கும்படி திருப்பி, பிறகு நீங்களே திறங்கள். போல்ட்டைத் திறந்து குழல் காலியா என்று பாருங்கள். உடனே பாதுகாப்புக் கயிற்றைச் செருகுங்கள். போட்டி விதிப்படி ஏர் துப்பாக்கியின் கயிறு பளிச்சென்ற நிறத்தில், குழல் முழுக்க ஓடி முனைக்கு வெளியே தெரிய வேண்டும். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் கயிறு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒரு சுருள் வாங்கி வெட்டி வைத்துக்கொண்டு, இல்லாதவர்களுக்கெல்லாம் சும்மா கொடுங்கள். வருகிற பத்துப் பெட்டிகளில் பாதிக்காவது இது தேவைப்படும்.

அடுத்தது சிலிண்டர். இந்த முகாமின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேட்ச் துப்பாக்கியின் சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்கும், சில மாடல்கள் 300. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல் என்று சொன்னால் பெற்றோருக்கு உடனே புரிந்துவிடும். சிலிண்டரின் உடம்பில் தயாரித்த தேதி குத்தியிருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதிலிருந்து 10 வருடம்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சரியான காலத்தை அந்தந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதியும், சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு என்கிறது. 'பார்க்க நல்லாத்தானே இருக்கு, கீறல்கூட இல்லையே' என்று சொல்வார்கள். உலோகம் நிரப்பும்போது விரிந்து, காலியாகும்போது சுருங்கிச் சுருங்கிச் சோர்வது கண்ணுக்குத் தெரியாது. தேதி தாண்டியிருந்தால் அதைத் திரும்பத் துப்பாக்கியில் மாட்டாதீர்கள், காற்றும் நிரப்பாதீர்கள். அதில் இரக்கம் பார்க்க இடமில்லை.

தேதி சரியாக இருந்தால் கசிவைப் பாருங்கள். அழுத்தம் காட்டும் கேஜில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, சிலிண்டரைக் கழற்றி, வாய்ப் பகுதியில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) அல்லது வால்வு பழுது. பிறகு ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஓ-ரிங்கை மாற்றும்போது சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும்.

தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே என்று வீட்டில் இருப்பதையெல்லாம் தடவிக் கொண்டுவருவார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் இது பெரிய அபாயம். உயர் அழுத்தக் காற்று எண்ணெயோடு சேர்ந்து வேகமாக அமுங்கும்போது டீசல் என்ஜினுக்குள் நடப்பதுபோலத் தீப்பற்றும். காற்று போகும் வழியில் எந்த எண்ணெயும் கூடாது. அதே காரணத்தால் ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்தோ வெல்டிங் கடையிலிருந்தோ நிரப்பவே கூடாது. சுவாசிக்கத் தக்க சுத்தமான, உலர்ந்த காற்று மட்டும்தான். நிரப்புவதற்கான பெரிய டைவிங் சிலிண்டருக்கும் குறித்த இடைவெளியில் அழுத்தச் சோதனை உண்டு. அந்தத் தேதி அதன் தோளில் குத்தியிருக்கும். வருகிறவர் எங்கே நிரப்புகிறார் என்று கேட்டு, அந்த இடத்துச் சிலிண்டரின் தேதியைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

நிரப்பும் வேலை தம்பியுடையது. மெதுவாகத் திறப்பான். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி, கேஜ் 200 காட்டினாலும் ஆறியதும் இறங்கிவிடும். சிலிண்டரை முழுக்கக் காலியாகப் போட்டு வைக்க வேண்டாம், கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் வால்வு இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொல்கிறான். விமானத்தில் கொண்டுபோகும்போது மட்டும் காலி செய்தாக வேண்டும்.

சிலிண்டர் முடிந்தால் திருகாணிகள். குறி நகர்ந்துகொண்டே இருக்கிறது, பெல்லட்டை மாற்றினேன், பிளைண்டரை (குறி பார்க்காத கண்ணை மறைக்கும் தகடு) மாற்றினேன், கோச்சையே மாற்றினேன் என்று வருபவர்களில் பலருக்குக் காரணம், ஸ்டாக்கையும் இயந்திரப் பகுதியையும் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்ததுதான். கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள், கை பலத்தை நம்பாதீர்கள். பின்சைட்டின் பிடியையும் அப்படியே பாருங்கள்.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் இலக்குத் தாளைக் காட்டுவேன். ஏர் ரைஃபிள் இலக்கின் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம். தசம மதிப்பெண்ணில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மி.மீ. தூரம்தான். ஒரு குண்டுக்கு உச்சம் 10.9, ஆக 60 குண்டுகளுக்கு முழு மதிப்பெண் 654. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்தார், அதாவது ஒரு குண்டுக்குச் சராசரி 10.5. அதற்கே பத்தாவது இடம், இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. முதல் எட்டுப் பேர்தான் உள்ளே போவார்கள். இதைக் கேட்ட பிறகு திருகாணியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிஸ்டலுக்கு விதி அளவுகள் முக்கியம், அது என் மேசை. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்க வேண்டும். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, காற்றுச் சார்ஜ் ஏறிய நிலையில், பெல்லட் இல்லாமல், ட்ரிகரில் எடைக்கட்டையை மாட்டி மெதுவாக மேலே தூக்க வேண்டும். 500-க்கு மிகச் சரியாக வைத்திருந்தால் போட்டியன்று நிற்காமல் போகலாம். நான் சற்று மேலேயே வைத்துக் கொடுப்பேன். மொத்த எடை 1.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும், 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் உள்ள பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். பிடியில் மரமாவு பூசித் தடிமனாக்கியவர்கள் இந்தக் கடைசி அளவில்தான் மாட்டுவார்கள். அப்பா பிளைவுட்டில் அப்படியொரு பெட்டி செய்து வைத்திருக்கிறார். நீங்களும் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம், உள் அளவு சரியாக வரட்டும்.

குழலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் உருண்டைகள் போதும். இரும்புக் கம்பியை உள்ளே விட வேண்டாம். ட்ரிகர் பெட்டியையோ காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையோ நாங்கள் பிரிப்பதில்லை. அதற்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆட்களிடம் அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்போம்.

கடைசியாகத்தான் சுடுவது. இது அப்பாவின் இடம். லேத் பட்டறையின் பழைய வைஸுக்கு ரப்பர் தாடை போட்டு, கான்கிரீட் மேடையில் பதித்திருக்கிறார். துப்பாக்கியை அதில் பிடித்து, வந்தவர் வழக்கமாகப் போடும் பெல்லட்டிலேயே பத்துக் குண்டுகளை ஒரே இடத்தில் சுட வேண்டும். ரைஃபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிட லேசான 0.45 கிராம் பெல்லட்டுகளைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். அதில் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று பிரித்தும் வரும். ஒரே கம்பெனிப் பெல்லட் ஒரு குழலில் ஒரே ஓட்டையாக விழும், பக்கத்துத் துப்பாக்கியில் சிதறும். முதல் குழு சிதறினால் இன்னும் இரண்டு அளவுகளைப் போட்டுப் பாருங்கள். நல்ல குழலும் ஒத்துப்போன பெல்லட்டும் சேர்ந்தால் பத்தும் விழுந்த ஓட்டையின் மேல் ஒரு சட்டைப் பட்டனை வைத்து மூடிவிடலாம்.

அந்தத் தாளில் தேதி, சீரியல் நம்பர், பெல்லட்டின் அளவு, சிலிண்டர் காலாவதியாகும் மாதம் எல்லாம் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எங்கள் கடையின் ஆண்டு விழாப் பரிசு இதுதான். 'துப்பாக்கி சரியில்லை' என்ற சந்தேகம் ஒரு பிள்ளையின் மனதில் விழுந்துவிட்டால் பயிற்சியே ஓடாது. அந்தத் தாளைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். தோற்ற நாளில் அதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் குறை சொல்லாமல் தன் நிற்கும் முறையைச் சரிபார்க்கப் போய்விடுகிறார்கள். கீ செயின் கொடுத்து இதை வாங்க முடியாது.

விற்காமல் இருப்பது

சோதனையில் சிலிண்டர் மாற்ற வேண்டும் என்று தெரிந்தாலும் அன்றைக்கே விற்காதீர்கள். சீட்டில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும். இலவசச் சோதனை என்று கூப்பிட்டுவிட்டுப் பில்லை நீட்டினால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். ஓ-ரிங், கிரீஸ், ஃபெல்ட், கயிறு இவையெல்லாம் எங்கள் செலவு. ஒரு வருடத்து விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்துக்குள் இது அடங்கிவிடுகிறது.

அன்றைக்குப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களும் இருப்பார்கள். 2008 ஆகஸ்டில் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய பிறகு ஒரு அலை வந்தது. 2024-ல் மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து பிஸ்டல் கேட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு கையையும் நீட்டிக் கட்டை விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்ல வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள் நிற்கிறதோ அதுதான். பிறகு ரேஞ்சின் முகவரியைக் கொடுத்து, சில மாதம் கிளப் துப்பாக்கியில் சுட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள். அவர்களுக்கு முதல் செலவு ஷூவும் பெல்லட்டும்தான், துப்பாக்கி பிறகு.

குருவி, கொக்கு சுடுவதற்கு என்று துப்பாக்கியைச் சரிபார்க்கக் கொண்டுவருபவர்களும் கூட்டத்தோடு வருவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், இந்தக் கடையில் அதற்கு ஒரு திருகாணிகூட முறுக்க மாட்டோம் என்று நேராகச் சொல்லிவிடுவோம். விழா நாள் என்று மழுப்ப வேண்டியதில்லை.

பரணில் கிடக்கும் துப்பாக்கிகள்

போனில் கூப்பிடும்போது, "பையன் விட்டுட்டானுங்க, பரண்ல கிடக்கு" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்தத் துப்பாக்கிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தேதி தாண்டிய சிலிண்டர் அழுத்தத்தோடு பரணில் கிடப்பது நல்லதல்ல. சோதித்த பிறகு, இரவலாகக் கொடுக்க மனம் உண்டா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் ஒன்றின் விலை லட்சங்களில் போகும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி நன்றாகச் சுட்டாலும் கிளப் துப்பாக்கியோடேயே நின்றுவிடுகிறாள். கொடுப்பவர், வாங்குபவர், கோச் மூவரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், அதில் சீரியல் நம்பர், எத்தனை மாதத்துக்கு, பழுதானால் யார் செலவு என்ற மூன்றும் இருந்தால் பிறகு மனக்கசப்பு வராது. கடைக்கு இதில் ஒரு பைசா வரவில்லை. ஆனால் 25 வருடத்தில் நாங்கள் செய்ததில் எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டால், இப்படிக் கை மாறிய துப்பாக்கிகளைத்தான் சொல்வேன்.

கடையை அடைத்த பிறகு

கூடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈயத் தூசு காற்றில் எழும். ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் துணியைத் தனியாக வையுங்கள். இலக்குக்குப் பின்னால் உள்ள பெட்டியில் விழுந்த ஈயத்தை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, ஈயம் எடுக்கும் பழைய சாமான் கடையில் கொடுக்கலாம். குப்பையில் போட வேண்டாம்.

அம்மாவின் நோட்டில் அன்றிரவே எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். யாருக்குச் சிலிண்டர் மாற்றச் சொன்னோம், யார் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், யார் துப்பாக்கி இப்போது யாரிடம் என்று எழுதி, ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பார்.

காலாவதியான சிலிண்டர்களைச் சொந்தக்காரர் சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த நாள் காலையில் முதல் வேலை அவைதான். காற்றை வெளியேற்றும் திருகைப் போட்டு மெதுவாக முழுவதும் காலி செய்யுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் அதை மட்டும் நம்பாமல், சத்தம் முழுக்க நின்றபின் வால்வைக் கழற்றுங்கள். இதைத் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். பிறகு அப்பா ஒவ்வொன்றையும் டிரில்லில் பிடித்து இரண்டு பக்கமும் துளை போட்டுவிடுவார், யாரும் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துத் திரும்ப நிரப்பிவிட முடியாதபடி. துளை போட்ட சிலிண்டரைப் படம் பிடித்து உரியவருக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டில் அந்த நம்பரை அடித்துவிடுங்கள்.